முந்தானையில் திரும்பி நின்ற பெயர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏகாம்பரம் என்னைப் பாராட்டத்தான் ஃபோன் செய்தார். என் முப்பது வருட சாஃப்ட்வேர் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான பாராட்டை நான் வாங்கியதில்லை.

"மேடம், புது அப்டேட்டு சூப்பரு! கல்யாணப் புடவைக்கு முந்தானை நெய்ஞ்சிகினு இருக்கேன். பொண்ணு பேரு, மாப்ள பேரு ரெண்டும் தறி மேலயே நேரா தெரியுது. முன்னெல்லாம் திரும்பிகினு இருக்கும், கண்ணாடி வச்சாதான் படிக்க வரும்."

"மேலயே நேரா தெரியுதா?"

"பளிச்சுனு!"

"அய்யய்யோ! ஏகாம்பரம், தறிய நிறுத்துங்க!"

ஆரணியில் அவர் தறியைப் போன்ற பட்டுத் தறிகளில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்பவர் கண்ணில் படுவது பின்பக்கம். மேலே எழுத்து திரும்பித் தெரிந்தால்தான் கீழே நேராக இருக்கும். மேலேயே நேராக இருக்கிறதென்றால், போச்சு. மணப்பெண் தோளில் போடும் பக்கத்தில் அவள் பெயர் இடவலம் மாறி நிற்கும்.

வினை எப்படி வந்தது

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராமராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். 'புட்டா' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைச் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான். எங்கள் கோட் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்; யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஏற்பதா வேண்டாமா என்கிற மெர்ஜ் பொத்தான் மட்டும் என் கையில். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பெங்களூரில் இருக்கும் ரேவதிதான் எங்களில் வேகமானவள். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் விடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஊரே திட்டிக்கொண்டிருந்த பிழைகளை ஒரே மாதத்தில் ஒழித்தவளும் அவள்தான். நான் ஒருத்தியே இருந்திருந்தால் 'புட்டா' இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும்.

அவள் ஒன்றைக் கவனித்தாள். எல்லா டிசைனர்களும் கடைசியில் மறக்காமல் ஒரு வேலை செய்கிறார்கள்: டிசைனை இடவலமாகத் திருப்பிவிட்டு அனுப்புகிறார்கள். இதை ஏன் மனிதர்கள் செய்ய வேண்டும்? மென்பொருளே திருப்பட்டுமே! எழுதினாள், அனுப்பினாள். எனக்கும் பிடித்துப்போனது. சட்டென்று மெர்ஜ் செய்தேன்.

ஏகாம்பரம் பழக்கப்படி தன் கையால் ஒருமுறை திருப்பினார். 'புட்டா' தன் பங்குக்கு இன்னொரு முறை திருப்பியது. பூவும் அன்னமும் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பெயர் அப்படியா?

ஒரு நிமிடமும் இரண்டு நாளும்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தறிக்குக் கீழே ஃபோனை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தோம். மணப்பெண் வினோதினியும் மாப்பிள்ளை கார்த்திகேயனும் அழகாகத் திரும்பி நின்றார்கள். ஜரிகை மினுமினுப்பு வேறு.

"ஏன் மேடம், நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சி? உங்கள யாரு அதத் தொடச் சொன்னது?"

"நீங்க ஏன் அப்டேட் போட்டீங்க?"

"செவப்புப் புள்ளி ஒண்ணு வந்து நின்னுகினு ஒரே பேஜாரு. அதான் அமுக்கிட்டேன்."

போளூரில் கல்யாணம். இன்னும் பத்தே நாள். இருவரும் விரல் விட்டு நாளை எண்ணினோம். பிறகு அவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"மேடம், இந்தக் காலத்துப் பொண்ணு செல்ஃபீதானே எடுக்கும்? செல்ஃபீ கேமராவுல திரும்பின எழுத்து நேராத்தானே தெரியும்?"

"கல்யாணத்துக்கு வர்ற நானூறு பேரும் செல்ஃபீயிலயா பாப்பாங்க?"

"அதுவும் சரிதான்" என்று தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து ரேவதியின் மாற்றத்தை ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பண்ணிட்டீங்க" என்றார்.

பிறகு நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்துவிடாமல், குறுக்கே ஓடிய ஊடை நூலையும் ஜரிகையையும் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவருடைய ரிவர்ட்டுக்கு இரண்டு நாள் பிடித்தது. உதவுகிறேன் என்று போய் நானும் ஒரு இழையை அறுத்தேன். "தயவு பண்ணி கம்ப்யூட்டரையே பாருங்க மேடம்" என்று கும்பிட்டார்.

ஆடி ரிலீஸ்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே ஃபோனில் ரேவதியிடம் கத்தினேன். அவளும் விடவில்லை.

"சேஞ்ச்லாக்ல பதினாலாவது வரியில தெளிவா எழுதியிருந்தேனே அக்கா! மெர்ஜ் பண்ணது நீங்கதானே?"

மாற்றங்களைப் பட்டியலிடும் அந்தக் குறிப்பின் பதினாலாவது வரியை நானும் படிக்கவில்லை.

"இனிமே முகூர்த்த மாசத்துல ரிலீஸ் கிடையாது. ஆடியிலயும் மார்கழியிலயும்தான்" என்றேன்.

"என்னக்கா இது! உலகத்துல எந்த சாஃப்ட்வேர் ஆடி மாசம் பார்த்து ரிலீஸ் ஆகுது?"

"புடவைக் கடைக்கு ஆடித் தள்ளுபடி இருக்கு. நமக்கு ஆடி ரிலீஸ் இருந்தா என்ன?"

சிரித்துவிட்டாள். ஆனால் அவளை ஆறு மாதம் கட்டிப்போட்டால் வேறு எங்காவது ஓடிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வழி பிரித்தோம். 'முகூர்த்தம்' என்ற பதிப்பு ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும். பழைய டிசைனைத் திறந்தால் பழையபடியே நடந்துகொள்ளும். 'வெள்ளோட்டம்' என்ற பதிப்பு ரேவதியின் இஷ்டம்; தினம் ஒன்று விட்டாலும் கேள்வியில்லை. அதை ஓட்டிப் பார்க்கத் துண்டுப் பாவு ஏற்றிய பழைய தறி ஒன்றைத் தந்தவர் ஏகாம்பரம்தான்.

"கல்யாணப் புடவை இல்லாத தறியில எத்தினி வாட்டி வேணா திருப்பிக்குங்க" என்றார்.

கல்யாண வீட்டில்

புடவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. ஏகாம்பரம் என்னையும் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடையில் ஏறி, மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று முந்தானையை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"என்ன ஆன்ட்டி, எதுனா ஒட்டிகினு இருக்கா?" என்று அவள் பதறித் திரும்பினாள்.

"இல்லம்மா, நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஏகாம்பரத்திடம், பத்து நாளாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இத்தனை வருஷம் தறியில் உட்கார்ந்தவருக்கு, எழுத்து மேலே நேராக வந்தால் கீழே என்ன ஆகும் என்று தெரியாதா?

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"மொத எழுத்துலயே டவுட்டு வந்துச்சி மேடம். ஆனா நீங்க பண்ணது தப்பா இருக்காதுன்னு நெய்ஞ்சிகினே போயிட்டேன்."

பாயசத்தை அப்படியே தள்ளி வைத்தேன்.

புதிதாக எங்களோடு சேர்ந்து கோட் எழுத வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். திட்டுகிற யூசரைக் கண்டு எனக்குப் பயமே கிடையாது. அவர் எங்கே தப்பு என்று காட்டிவிடுவார். தன் கண்ணையே சந்தேகப்பட்டு நம்மை நம்புகிறாரே, மெர்ஜ் பொத்தானைத் தொடும் முன் பதினாலாவது வரியையும் நான் படிப்பது அவருக்குப் பயந்துதான்.