செத்த மீனின் முள்

நாங்கள் குடியிருக்கும் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் போனால் படகுத்துறை. அங்கிருந்து படகேறிப் போனால் ஜலசந்தியில் மிதக்கும் மீன் கூண்டுகள். அவை ஒரு சீன முதலாளியுடையவை; தவுக்கே என்போம். தொழிற்சாலை வேலையை விட்டு நானும் கணவரும் அங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சியாக்காப் மீன் வளர்த்தோம். தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அதுதான்.

ஒரு வாரம் விடாத மழை. பிறகு சுட்டெரிக்கும் வெயில். அந்தக் காலையில் நான் தீனி வீசினேன், ஒரு மீனும் மேலே வரவில்லை. தீனி ஊறி மெல்லக் கீழே இறங்கியது. கணவர் கைவலையால் ஒன்றை அள்ளினார். துடுப்பின் அடியில் இரத்தச் சிவப்பு. விலாவில் செதில் உதிர்ந்து புண். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

"அலமாக்! இந்தக் கூண்டு பூரா இப்படித்தான் இருக்கு லா" என்றார்.

மறுநாள் நூற்றுக்கணக்கில் வயிறு கருநீலமாகிச் செத்து மிதந்தன. தவுக்கே அழைத்து வந்த அதிகாரி, இது பாக்டீரியா நோய், தீனியில் மருந்து கலந்து போடுங்கள், செத்ததை உடனே அள்ளுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். நோய் வந்த மீன் தீனியே தின்னவில்லை. அள்ளுவது ஒன்றுதான் எங்களால் முடிந்தது. கணவரின் வலது கையுறை கிழிந்திருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் அள்ளினார். முதுகு முள் ஒன்று உள்ளங்கையில் ஏறியது. கடல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி, சர்க்கரை, உண்டு; புண் லேசில் ஆறாது. விடிந்தபோது கை மணிக்கட்டுவரை சிவந்து வீங்கியிருந்தது.

"முள்ளு குத்துனா வீங்கத்தான் செய்யும். மாத்திரை போட்டுட்டேன், நீ வேலைக்குக் கெளம்பு."

நான் கிளம்பவில்லை. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டேன். வீணாகப் பயப்படுகிறேனா என்று தெரிய வேண்டியிருந்தது. சோறு வடித்து, மகளுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே போயிருந்தது. புறங்கையில் கருநீலமாக ஒரு கொப்புளம். முந்தைய நாள் மீன்களின் வயிற்றில் பார்த்த அதே நிறம்.

"என்னங்க, எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"மத்தியானம் போலாமே…"

"இப்பவே!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. எழுந்தவருக்கு உடம்பு நடுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த டாக்டர் தமிழ்ப் பெண். "அங்கிள் என்ன வேலை செய்றாங்க ஆண்டி?" என்று எழுதியபடியே கேட்டார்.

"மீன் கூண்டுல. நேத்து செத்த மீன் முள்ளு குத்திருச்சு."

எழுதுவதை நிறுத்தினார். "கடல் மீனா?"

"ஆமா."

உடனே எழுந்து போய் இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தார். இருவரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "கையைத் திறந்து கழுவணும் ஆண்டி. பரவிட்டா கையையே எடுக்க வேண்டி வரும். ரத்தத்துல ஏறிட்டா…" என்று நிறுத்திக்கொண்டார். மீதியை நான் கேட்கவில்லை.

வெளியே குழாயடியில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல்களில் செதில் கிழித்த கீறல்கள். இந்தக் கையால்தான் மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருந்தேன். தோல் எரியும்வரை சோப்புப் போட்டேன்.

தவுக்கே போனில் அழைத்தார். பக்கத்துக் கூண்டிலும் நோய் வந்துவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்றார். நடந்ததைச் சொன்னேன். "மீனை விடு. அவரைப் பார்" என்று மலாயில் சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று முறை அறுத்துக் கழுவினார்கள். கை தப்பியது, இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கூண்டுகளில் இரண்டு முழுக்க அழிந்தன. மீன்களைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். கணவர் இப்போது பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியில் காவல் வேலை பார்க்கிறார்.

புதுக் குஞ்சுகள் இறக்கியதும் தவுக்கே கூப்பிட்டார். "நீ போகாத" என்றார் கணவர். எனக்குத் தெரிந்த வேலை அதுதான், போனேன். தடித்த கையுறை இல்லாமல் யாரையும் வலையைத் தொட விடுவதில்லை. ஆனாலும் படகு கூண்டை நெருங்கும்போது, செத்த மீன் மிதக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடுகிறது. அதை அவரிடம் சொல்வதில்லை.