மாலை கழற்றிய நாள்

வலிய வந்து உதவி செய்கிறவர்களை நான் லேசில் நம்பமாட்டேன். கடலூரில் வேலை முடிந்த களைப்போடு ஒருவர் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டு சிதம்பரத்துக்கு வருகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அதுவும் வருகிறவர் யார்? என் கணவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், ஒரே பாட்டிலில் குடித்தவர். குடித்துவிட்டு வேலைக்குப் போய்த்தான் என் கணவர் அந்த வேலையைத் தொலைத்தார். கூடக் குடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வேலையில் இருந்தார், இவர் இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர்தான் கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்ளலாம், மலைக்குப் போய் வருகிற வரைக்கும் குடி கிட்டேயே வராது என்றார். என் கணவரும் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் மாலை போட்டால் குடியை நிறுத்துவது பெரிய காரியமே இல்லை. கழுத்தில் துளசிமணி இருக்கிற வரைக்கும் எல்லாரும் அசல் சாமிதான். மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம் ஒயின் ஷாப் வாசலில் போய்ப் பார்க்க வேண்டும். விட்டதையெல்லாம் அன்றைக்கே பிடித்துவிடுவார்கள். என் சொந்த அண்ணன், மலையில் வாங்கி வந்த அரவணைப் பிரசாத டப்பாவைக்கூடத் திறக்காமல் கிளம்பிப் போனவன்.

ஆக, என் பயமெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான். இந்த முறை மறுபடி குடிக்க ஆரம்பித்தால் இவருக்கு இந்தக் கடை வேலையும் போய்விடும், அதற்குமேல் என் உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை. அன்றைய கச்சேரிக்குத்தான் அந்த ஆள் இப்போதே துண்டு போட்டு வைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

விரத நாட்களில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை வந்தார். 'சாமி சரணம்' என்பார், என்னை அம்மா என்பார், இவரைப் பஜனைக்குக் கூட்டிப் போவார். நானும் பின்னாலேயே போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் சுருதியில்லாமல் கத்திப் பாடினார். குடிக்காதபோதும் அவர் அப்படித்தான் பாடுவார், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் அந்த ஆளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். சீரகத் தண்ணீர். அதற்கும் என் சந்தேகம் தீரவில்லை, இவ்வளவு ஒழுங்காக இருக்கிறாரே என்று கூடத்தான் செய்தது.

தை மாதம் மலைக்குப் போய் வந்தார்கள். காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் என் கணவர் மாலையைக் கழற்றினார். அந்த ஆள் கடலூரில் கழற்றியிருப்பார், இன்றைக்கு வரமாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் வந்து நின்றார். பேன்ட் சட்டை, மழித்த முகம், பழைய ஆளேதான்.

"சும்மா ஒரு நடை போயிட்டு வரோம் தங்கச்சி" என்றார். அம்மா போய்த் தங்கச்சி வந்துவிட்டது.

நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். இரண்டு பேரும் மறுக்கவில்லை. கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பி நடந்தோம். அவர்கள் முன்னால், நான் நாலடி பின்னால். ஒயின் ஷாப்புக்குத் திரும்புகிற சந்து வந்ததும் அந்த ஆளின் கால் நின்றுவிட்டது. வந்துவிட்டதடி வேளை என்று நான் எட்டி நடந்தேன். அதற்குள் என் கணவர் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மச்சான், நட. தலைய அந்தாண்ட திருப்பாத" என்றார்.

என் கணவர் இன்னொருவரைப் பிடித்து நிறுத்தி நான் அதுவரை பார்த்ததில்லை. எப்போதும் அவரைத்தான் யாராவது பிடிக்க வேண்டியிருக்கும். சந்து தாண்டியதும் அந்த ஆள் ஒரு பூட்டின கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாலை கழட்டுன அன்னிக்கி நான் நேரா வூட்டுக்குப் போனதே கெடையாது தங்கச்சி. அங்கயே இருந்தா கடைக்குப் போயிடுவேன்னுதான் பஸ் ஏறி இங்க ஓடியாந்தேன்."

என் சந்தேகம் சரிதான். அவர் சும்மா வரவில்லை, தனக்காகத்தான் வந்திருக்கிறார். ஆனால் கோபம் வரவில்லை. ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். முடியாது என்றார். இன்றைக்கும் வீட்டுக்குப் போகாவிட்டால் அவர் மனைவி ஒன்றைத்தான் நினைப்பாள். கடலூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒயின் ஷாப் இருக்கிறது, தனியாகத் தாண்ட முடியாது என்றார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கேட்பதற்கு இருவருக்கும் தைரியம் இல்லை. எந்த நாளில் இவரை வாசற்படி தாண்ட விடக்கூடாது என்று இத்தனை நாள் காவல் காத்தேனோ, அந்த நாளில், அந்த ஆளோடு, அந்த ஊருக்குத் துணையாக அனுப்ப வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய், இருவரையும் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலோரம் நின்றேன்.

எட்டு மணி வாக்கில் என் கணவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண் குரல். நான் அதுவரை பார்த்தேயிராத அந்த ஆளின் மனைவி.

"அக்கா, ரெண்டு பேரும் வந்துட்டாங்க. குடிச்ச வாடையே இல்ல. ஆனா என் மூக்க நானே நம்ப மாட்றேன். இந்த நாள்ல இவுர நான் இப்படிப் பாத்ததில்ல, இப்ப என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் அழுவது கேட்டது.

"ரெண்டு பேருக்கும் சோறு போடும்மா" என்றேன். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.