மீன்காரரின் கம்பி வலை

எங்கள் கிடங்கில் என் அக்கா வீட்டுக்காரருக்கு மீன்காரர் என்று பெயர். அவர் மீன் பிடித்ததும் இல்லை, விற்றதும் இல்லை; ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மேலாளரிடம் மாதக்கணக்கில் வலை, வலை என்று நச்சரித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மாமாவுக்கு இந்த வலைக் கவலை எப்போது வந்தது என்பது ஊரறிந்த ரகசியம். அக்கா பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, கடைசி ரேக்கின் பின்பக்க மேசையில் உட்கார்ந்த அன்றைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே உட்கார்ந்தவர்களின் தலையை நினைத்து மனிதர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கவலையில் நியாயம் இருந்தது. கூரையை முட்டும் உயரத்துக்கு நிற்கிற ரேக் அது. ஒவ்வொரு தட்டிலும் முன்னால் சரக்கு அடுக்கிய பலகை, அதாவது ஒரு பேலட், அதற்குப் பின்னால் இன்னொரு பேலட். வண்டியில் இருப்பவர் கண்ணில் பின் பேலட் படாது. அதனால் எங்கள் ஆட்கள் காதால்தான் ஓட்டுவார்கள். முன் பேலட்டை மெல்ல உள்ளே தள்ளுவார்கள். பின்னால் இருப்பதில் டொக்கென்று இடித்ததும் நிறுத்துவார்கள். அந்த டொக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளினால் பின் பேலட் தட்டைத் தாண்டி வெளியே வரும். வெளியே என்றால் அக்காவின் தலைக்கு மேலே.

மேலாளர் கெட்டவர் இல்லை, சோம்பேறி. சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

“எதுக்குய்யா வலை? உங்க வீட்டம்மாவ வாசப் பக்கத்து மேசைக்கு மாத்திடறேன். விஷயம் முடிஞ்சுது.”

மாமாவுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அப்ப அந்த மேசையில யாரு உக்காருவா?”

“யாராவது உக்காருவாங்க.”

“அவ தலை மட்டும் இரும்புல செஞ்சதா? நான் மாற மாட்டேன். நீங்க போய் வலையவே கேளுங்க.”

மறுநாளிலிருந்து நச்சரிப்பு இரட்டிப்பானது. மற்ற ஓட்டுநர்கள் அவரைக் கண்டாலே, “மீன்காரரே, வலை விரிச்சாச்சா?” என்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று மேலாளர் தலையாட்டினார். ரேக்கின் முதுகு முழுக்க, கீழிருந்து மேல் வரை, கம்பி வலை அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வெயிலில் கூரையில் ராட்சச மின்விசிறிகள் மாட்டினார்கள். போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. காற்று வந்த சந்தோஷத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவும்தான்.

அன்று காலை அவர் பெயிண்ட் டின் பெட்டிகள் அடுக்கிய ஒரு பேலட்டை மேல்தட்டில் வைத்துத் தள்ளினார். டொக் கேட்கவில்லை. இன்னும் தள்ளினார்.

நான் அதற்குள் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கு அடுத்து, ரேக் முடிகிற இடத்தைத் தாண்டி என் மேசை. திடீரென்று விசிறி இரைச்சலையும் மீறிக் கம்பி கிறீச்சிட்டது. அண்ணாந்து பார்த்தால், அக்காவுக்கு நேர் மேலே ஒரு பேலட் பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. சரிந்த பெட்டிகள் எல்லாம் வலையில் சாய்ந்து, வலை தொந்தி போட்ட மாதிரி முன்னால் பிதுங்கி நிற்கிறது. ஒரு பெட்டிகூடக் கீழே விழவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஓடினேன்.

யாரோ விசிறிகளை நிறுத்தினார்கள்.

“வண்டியில யாரு?” என்று அக்கா குரல் கொடுத்தாள்.

“நான்தான்,” என்று ரேக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அது மாமாவின் குரல் மாதிரியே இல்லை.

“எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டிய அசைக்காதீங்க, அப்படியே ஆஃப் பண்ணுங்க.”

நாங்கள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி அழுதார். ஓட்டுநர் ஒருவர்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

“மீன்காரரே, வலை கேட்டதும் நீங்க, அதுல மாட்டுனதும் நீங்க.”

மாமா உட்பட எல்லோரும் சிரித்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார்.

மேலாளர் வந்தார். சாய்ந்த பெட்டிகளைப் பார்த்தார். இந்த முறை வாதாடவில்லை. “இன்னும் என்னய்யா வேணும், சொல்லு,” என்றார். ஒவ்வொரு தட்டின் பின்விளிம்பிலும் தடுப்புக் கட்டை வேண்டும், இனி காதை நம்பி யாரும் ஓட்டக் கூடாது என்றார் மாமா. அதுவும் சீக்கிரமே வந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் நடந்தே வீடு திரும்பினோம். மாமாவுக்கு மனசு ஆறவில்லை.

“நீ அன்னிக்கே வாசப் பக்கம் போயிருக்கலாம்ல?”

“போயிருந்தா நீங்க வலைய மறந்திருப்பீங்க,” என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். நான்தான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அந்த வெங்காயம் நறுக்கிய நாளுக்கு மறு வாரமே எனக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. அக்கா மாறியிருந்தால் எனக்கு அவளுடைய மேசையைத்தான் கொடுத்திருப்பார்கள். மாமா சொன்ன அந்த ‘யாராவது’ நான்தான்.

“என்னடி நின்னுட்ட?”

“ஒண்ணும் இல்லக்கா,” என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.