சாவியைத் திருப்பிக் கேட்டார்கள்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் குடியிருந்தோம். எனக்கு ஷா ஆலமில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பதினான்கு வயது மகன் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, அடிவயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்துக்கொண்டான். கிளினிக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரைப் பரிசோதித்த தமிழ் டாக்டர், பள்ளியில் எத்தனை முறை பாத்ரூம் போவாய் என்று அவனைக் கேட்டார்.

"போறதில்ல டாக்டர்," என்றான்.

ஒரு தடவைகூடவா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினான். காலையில் வீட்டை விட்டால் மதியம் வீடு வந்துதான். போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. தினமும் அவன் தண்ணீர்ப் போத்தலைக் கழுவி நிரப்பிக் கொடுக்கிறவள் நான். வரும் வழியில் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவானாம்.

காரணத்தை டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டு வாங்கினார். கழிவறைக்குள் போனால் மூத்த பையன்கள் நாலைந்து பேர் வெளியே கதவைப் பிடித்துக்கொள்வார்களாம். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார்களாம், பொம்பளைங்க பக்கம் போடா என்பார்களாம். மணி அடித்த பிறகு நனைந்த சட்டையோடு வகுப்புக்கு ஓடினால், தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்குவதும் இவன்தான்.

என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே நடையும் பேச்சும் மென்மை. தன் மனம் ஆண்களைத்தான் நாடுகிறது என்று வளர்ந்த பிறகு அவனே எங்களிடம் சொன்னான். அப்போது எங்களிடம் அதற்கு ஒரு வார்த்தை இல்லை. பள்ளியில் அந்தப் பையன்களிடம் இருந்தது. பொண்டான். பெண்போல் நடக்கிற ஆணை இளக்காரமாகச் சொல்லும் மலாய் வார்த்தை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாணவர் ஒழுங்கைக் கவனிக்கிற கட்டொழுங்கு ஆசிரியரும் தமிழர்தான். நீள முடி, சிகரெட், மட்டம் போடுவது, சண்டை என்று எதெதற்குத் தண்டனை உண்டோ எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "சும்மா கிண்டல் பண்றதுக்கெல்லாம் ரூல் இல்லம்மா. உங்க பையன கொஞ்சம் ஆம்பளையா நடக்கச் சொல்லுங்க லா," என்றார். கதவைப் பிடித்தவனை விட்டுவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவனின் நடையைத் திருத்தச் சொல்கிறாரே என்று நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

தலைமையாசிரியர் ஒரு வயதான சீனர், தங்கமான மனிதர். கேட்டதும் முகம் வாடிவிட்டது. மேசை டிராயரைத் திறந்து, ஆசிரியர் கழிவறையின் சாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இனி உங்கள் மகன் அங்கே போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வருஷம் என் மகன் போத்தல் தண்ணீரைக் குடித்தான், சதை பிடித்தான், வகுப்பில் முதல் ஐந்துக்குள் வந்தான்.

அவன் மூன்றாம் படிவம் போனதும் அந்தத் தலைமையாசிரியரைப் பந்திங் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் முதல் வாரமே சாவியைத் திருப்பிக் கேட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எந்த விதியின்படி இது ஒரு மாணவனிடம் இருக்கிறது என்றுதான் கேட்டார். அப்படி ஒரு விதியே கிடையாது, சாவியைக் கொடுத்துவிட்டோம். அந்த வாரமே மகன் உதடு கிழிந்து வந்தான். இனிமேல் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றான். அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம். வீட்டுக்காரருக்கும் தாங்கவில்லை. "படிச்சது போதும், துறைமுகத்துல ஏதாச்சும் வேல பாத்துக் குடுக்கறேன்," என்றார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூட்டை தூக்குகிற வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மண்டபத்தில் மின்விசிறி, கேன்டீன் விலை என்று பேசி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்றார்கள். எழுந்தேன். எனக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான், அதிலேயே சொன்னேன். ஒரு பையன் பெண்போல் இருக்கிறான், ஒரு பெண் பையன்போல் இருக்கிறாள் என்பதற்காக அவர்களை அடிப்பதும் அடைத்து வைப்பதும் பட்டப்பெயர் சொல்வதும் குற்றம் என்று பள்ளி விதியில் சேருங்கள், யார் தலைமையாசிரியராக வந்தாலும் அது இருக்க வேண்டும் என்றேன்.

முன்வரிசையில் ஓர் அப்பா அந்த வார்த்தையைச் சத்தமாகவே சொன்னார். பொண்டான். வரிசையே சிரித்தது. பிறகு மண்டபமே சிரித்தது. பையன்களைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன், அவர்கள் இதை எந்த வீட்டில் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வழிமொழிய ஆள் உண்டா என்று தலைவர் பேருக்குக் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு மலாய்க்கார அம்மா கையைத் தூக்கினார். "சாயா சொக்கோங்," என்றார். நான் ஆதரிக்கிறேன் என்று அர்த்தம். சிரிப்பு அடங்கும் வரை அவர் கையை இறக்கவில்லை.

முன்மொழியவும் வழிமொழியவும் இரண்டு பேர் பெயர் வந்துவிட்டதால் தீர்மானத்தைத் தூக்கிப் போட முடியவில்லை, செயற்குழுவுக்கு அனுப்பினார்கள். பல தடவை நடையாய் நடந்தேன். கடைசியில், தோற்றத்தையோ நடத்தையையோ வைத்து ஒரு மாணவனைத் துன்புறுத்துவது குற்றம் என்று ஒரே வரியாகச் சுருக்கி விதியில் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அதே கட்டொழுங்கு ஆசிரியர் அந்தப் பையன்களின் பெற்றோரைக் கூப்பிட வேண்டி வந்தது. என் மகன் படிப்பை நிறுத்தவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது கூட்டம் முடிந்த கையோடு நடந்ததுதான். அந்த அம்மாவைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். உங்கள் பிள்ளைக்கும் இப்படியா என்று மலாயில் கேட்டேன். இல்லை, என் தம்பி என்றார். அவர்கள் ஊர்ப் பள்ளியில் இதே கதைதானாம்.

"எங்கம்மா போய்ச் சொன்னாங்க. ஹெட்மாஸ்டர் நல்லவரு, நான் பாத்துக்கறேன்னாரு. பாத்துக்கிட்டாரு. அப்புறம் அவர மாத்திட்டாங்க," என்றார். தம்பி எங்கே என்று கேட்டேன். வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது, இருக்கிறானா என்றே தெரியவில்லை என்றார்.

இந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சட்டம் எதற்கு, நல்ல மனசு போதாதா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். நல்ல மனசு என் மகனுக்கும் கிடைத்தது, அந்தத் தம்பிக்கும் கிடைத்தது. எந்தப் பிள்ளையும் அந்த அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிப் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.