நாற்பது வயதில் வரும் வியாதி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முலுண்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஹோட்டலில் மகனோடும் மருமகளோடும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் நாலு பையன்கள். அவர்களில் மீசை சரியாக அரும்பாத ஒருவனிடம் வெயிட்டர் ஆதார் கார்டு கேட்டார். விஸ்கி என்றால் இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டுமாம். "தோ மஹினா பாக்கி ஹை, பையா" என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். இரண்டே மாதம்தான் குறைகிறது. வெயிட்டர் அசையவில்லை. மற்ற மூன்று பேருக்கும் விஸ்கி வந்தது. அவனுக்கு எலுமிச்சை சோடா.

"பாவம்" என்றாள் மருமகள். எனக்கு அவன்மேல் இரக்கம் வருவதற்குள் அந்த டம்ளர்களின் வாசனை வந்துவிட்டது. அந்த வாசனையை முதன்முதலில் நான் முகர்ந்தது என் அண்ணனுடைய சட்டையில்.

இவர்களுக்கு இருபத்தைந்தே அநியாயமாகத் தெரிகிறது. நாங்கள் இருந்த அறுபதுகளின் பம்பாயில் அது நாற்பது. அப்போது அங்கே மதுவிலக்கு. குடிக்க வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும், பர்மிட் வேண்டுமென்றால் 'இவருடைய உடல்நலத்துக்கு மது அவசியம்' என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். முப்பத்தொன்பது வயதுக்காரனுக்கு அந்த வியாதி வராது. நாற்பது நிரம்பியதும் வந்துவிடும். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த சர்டிபிகேட்டுகளை டைப் அடித்தவளே நான்தான்.

மாட்டுங்காவில், கீழே காப்பிப் பொடிக் கடையும் மேலே கிளினிக்குமாக ஒரு கட்டடம். தாராவியிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். ஜன்னல் வழியாகக் காப்பிக் கொட்டை வறுக்கும் வாசனை, உள்ளே ஊசிக்குத் தடவும் ஸ்பிரிட் வாசனை. இன்றைக்கும் யாராவது என் கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தால் எனக்குக் காப்பி குடிக்கத் தோன்றும். சேர்ந்த புதிதில் பர்மிட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவரிடம், "வலி எப்ப சார் வரும்?" என்று அக்கறையாகக் கேட்டேன். "சாயங்காலம் ஆனா வரும்மா" என்றார். அதையும் குறிப்பு எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

என் அண்ணன் சுந்தரத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. செம்பூரில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். எங்கள் குடும்பத்தில் மேஜை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவன். வெள்ளைச் சட்டையை அம்மா கஞ்சி போட்டுத் தருவாள். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

அவனுக்கு மேலதிகாரி தாமோதரன். எல்லோருக்கும் 'சூப்பிரண்டு'. கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஸ்டாக் எடுக்கும் ஒரு சனிக்கிழமை, "மெஸ்ஸுக்குப் போக வேண்டாம், நம்மாத்துல சாப்பிடலாம் வா" என்று அண்ணனைக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு டம்ளர் வைத்து இரண்டிலும் ஊற்றினார். அண்ணன் வேண்டாம் என்றான். "பெரியவா குடுத்தா வேண்டாம்னு சொல்லப்படாது. சும்மா மருந்து மாதிரி" என்றார். அண்ணன் மருந்து மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

இருவரும் சேர்ந்துதான் ஃபேக்டரிக்குத் திரும்பினார்கள். கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். வாட்ச்மேன் அண்ணனை மட்டும் நிறுத்தி, "மூஹ் கோலோ" என்றான். அண்ணன் வாயைத் திறந்தான். வாட்ச்மேன் முகர்ந்து பார்த்து, "பியேலா ஹை, சாப்" என்றான். குடித்திருக்கிறான், ஐயா. சூப்பிரண்டு தன் பாக்கெட்டிலிருந்து பர்மிட் புத்தகத்தை எடுத்து மேனேஜரிடம் முதலில் காட்டிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உன் பர்மிட் எங்கே? வயசு என்ன உனக்கு?"

"இருபத்துநாலு சார்."

"அப்போ இன்னும் பதினாறு வருஷம் இருக்கே" என்றார். கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

யார் ஊற்றிக் கொடுத்தது என்று அண்ணன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. போலீஸா, ராஜினாமாவா என்று கேட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வாசனையோடு வீட்டுக்கு வந்தான். மறு வாரமே சூப்பிரண்டுடைய அக்கா மகன் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்காகத்தான் அந்தச் சாப்பாடு.

பெண் வீட்டார் ஒரே மாதத்தில் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா அண்ணனோடு பேசுவதை நிறுத்தினார். "அவரு ஊத்திக் குடுத்தாருப்பா. வேண்டாம்னு எப்படி சொல்லுதது?" என்று அவன் கேட்டபோது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு அண்ணன் அம்பர்நாத்தில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் சுண்ணாம்பு மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். வெள்ளைச் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள் அம்மா.

எனக்குக் கோபம் சோறு மாதிரி மூன்று வேளையும் வந்தது. நடந்து வேலைக்குப் போகிற வழியெல்லாம் சூப்பிரண்டோடு மனதுக்குள் பேசிக்கொண்டு போவேன். விதவிதமாகச் சபிப்பேன். எதிரே வருகிறவர்கள் என்னை விலகிப் போனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அவரே கிளினிக்குக்கு வந்தார். பழைய டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டாராம், பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். பெயரையும் கம்பெனியையும் சொன்னதும் என் கை டைப்ரைட்டர்மேல் அப்படியே நின்றது. அவருக்கு என்னைத் தெரியாது.

உள்ளே அவர் பேசியது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ டாக்டர். வயசாயிடுத்து."

"என்ன வயசு?"

"அம்பத்தாறு."

எங்கள் டாக்டர் கண்டிப்பானவர், சான்று கேட்டார். சூப்பிரண்டு பள்ளிக்கூட சர்டிபிகேட்டையே நீட்டினார். வயது கூடினால் பர்மிட்டில் அளவும் கூடும். ஒரு பாட்டில் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் மனிதன் எதைத்தான் காட்டமாட்டான்.

அந்த ஃபேக்டரியில் ஐம்பத்தைந்தில் ரிடையர்மெண்ட். 'சூப்பிரண்டுக்கு இன்னும் ஏழு வருஷ சர்வீஸ் இருக்கு, அதுவரைக்கும் அவருகிட்டதான் மாரடிக்கணும்' என்று அங்கே வேலையில் இருந்தபோது அண்ணன் அடிக்கடி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு ஒரு வயது, சாராயத்துக்கு ஒரு வயது.

டாக்டர் இரண்டு பிரதி கேட்டார். நான் இன்னொரு கார்பன் வைத்து மூன்று அடித்தேன். பெயர், வேலை, பிறந்த தேதி, எல்லாம் தெளிவாக. மூன்றாவது பிரதியில் பிறந்த தேதிக்குக் கீழே சிவப்பு மசியால் கோடு போட்டு, கவரில் வைத்து, மேனேஜர் பெயருக்குத் தபாலில் சேர்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

மூன்று வாரத்தில், அதே ஃபேக்டரியில் வேலை பார்த்த எங்கள் தெரு மாடசாமி அண்ணாச்சி சேதி கொண்டுவந்தார். "சூப்பிரண்டு கத முடிஞ்சிட்டுளா. பொய் வயசு குடுத்தான்னு கண்டுபிடிச்சிட்டானுவ. வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டானுவ." நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சிரித்தேன்.

ஆனால் சேதி கிளினிக்குக்கும் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை காப்பி அடிச்சேம்மா?"

"மூணு, டாக்டர்." ஏன் என்பதையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டார். "உங்க அண்ணனுக்கு நடந்தது அநியாயம். ஆனா என் பேஷண்ட் பேப்பர் இந்த ரூமைத் தாண்டப்படாது. நாளைலேருந்து வராதே" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. நான் செய்ததிலும் இல்லை. மற்ற நோயாளிகள் யாருடைய காகிதத்தையும் நான் தொட்டதில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை போன மறுநாள் சும்மாதானே இருந்தேன், செம்பூருக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி நின்றது. பீரோ, கட்டில், அம்மி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. சூப்பிரண்டு குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். எதிரே போய் நின்றேன்.

"என்னம்மா? யாரு?"

"ஸ்டோர்ஸ் சுந்தரத்தோட தங்கச்சி. டாக்டர்கிட்ட டைப் அடிச்ச பொண்ணும் நான்தான்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. முதலில் வாய் திறந்தது. பிறகு கண் சுருங்கியது. கன்னம் இரண்டும் காற்றுப்போன பலூன் மாதிரி தொங்கின. குடையின் பிடியைக் கை மாற்றிப் பிடித்தார், மறுபடி மாற்றினார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "யாரது?" என்று கேட்டாள். "யாருமில்லே" என்றார். அந்த அம்மாளை நினைத்து ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது உண்மை. ஒரு நிமிஷம்தான். தாம்பூலத்தட்டு திரும்பி வந்த அன்றைக்கு எங்கள் அம்மாவை யார் நினைத்தார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் போய் அண்ணனிடம் சொன்னேன். "இதுக்குப் போயி உன் வேலையை விட்டுட்டியேளா" என்று திட்டினான். பிறகு சுண்ணாம்பில் வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். நான் வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, இல்லாத குடையைக் கை மாற்றிக் காட்டினேன். அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்தைத் தளர்த்தினார்கள், வயதையும் இறக்கினார்கள். பர்மிட் ரூம் என்ற பெயரில் தெருவுக்கு ஒரு பார் வந்தது. அண்ணனுக்கு நாற்பது ஆனபோது யாரும் யாரையும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அவன் கடைசிவரை அதைத் தொடவில்லை. ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு ஃபிளாட்டுகள். குவார்ட்டர்ஸ் எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. கிளினிக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள், காப்பிக் கடையும் அதோடு போயிற்று.

கல்யாணமாகி, பிள்ளை குட்டிகள் ஆகி, தலை நரைத்த பிறகும் அண்ணன் என்னைப் பார்க்க வந்தால், மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருப்பான். பிறகு, "ஏளா, அந்த மூஞ்சியை ஒருதரம் காட்டு" என்பான். நானும் சலிக்காமல் காட்டுவேன். மூன்று வருஷம் முன்னால் அவனும் போய்விட்டான். எனக்கு அந்த முகம் இன்னும் அச்சுப் பிசகாமல் வருகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.