சாதாளை வாரிய கரை

1. முதல் நாள்

இறக்கக்கண்டிக் கடற்கரை விடுதியில் சேர்ந்த அன்று மனேஜர் என் கையில் ஓர் இரும்பு வாரியைத் தந்தார். அவர் மூதூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர்.

"செல்வம், காலைல ஆக்கள் எழும்ப முந்திக் கரை வெள்ளையா இருக்கணும். வெள்ளக்காரன்ட கால்ல சாதாளை படக்கூடாது. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

சாதாளை கடலடியில் வளரும் புல். அலை அறுத்துக் கரையில் ஒதுக்கும், காய்ந்தால் நாறும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் லொறிக் கிளீனராகவும் மேசனுக்குக் கையாளாகவும் ஊரூராகத் திரிந்தவன். இங்கே சம்பளத்தோடு கரையோரப் படகுக் கொட்டிலில் படுக்க இடமும் தந்தார்கள். பூட்டுப் போட்ட கதவுக்குள் நான் படுத்தது அங்கேதான் முதல் முறை. அதனால் ஒரு துரும்பு விடாமல் வாரி, தள்ளுவண்டியில் ஏற்றி, பின்வளவில் வெட்டியிருந்த கிடங்கில் கொட்டினேன்.

பக்கத்துக் கரையில் தோணி வைத்திருந்த சின்னராசா அண்ணை என்னைச் சும்மா விடமாட்டார்.

"என்ன தம்பி, கடலுக்குச் சவரமோ? மீசையையாவது விட்டு வை!"

2. கொட்டிலடிக்கு வந்த கடல்

மாரியில் வாடைக்காற்று எழும்பியது. கொட்டிலின் அத்திவாரத்துக்குக் கீழே மணல் கரைந்து ஒரு தூண் சரிந்தது. சின்னராசா அண்ணையின் கரையோ அப்படியே கிடந்தது. அங்கே ஒருவரும் வாருவதில்லை. ஒதுங்கிய சாதாளை வரம்பு போல நின்று மணலைப் பிடித்திருந்தது.

கிடங்கைக் கிண்டிப் பார்த்தேன். சாதாளை உக்கிவிட்டது, அடியில் முழுவதும் மணல். வண்டி வண்டியாகக் கரையையும் சேர்த்தே அள்ளியிருக்கிறேன்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் படுக்கும் இடம் போகும். கடைசியில் மனேஜரிடம் சொன்னேன்.

"அப்ப வாராம விடச் சொல்றீங்களா? ஒங்கட வேலையே அதுதானே?"

"ஓம் சேர். அதுதான் சொல்லப் பயந்தனான்."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கரையையும் நடந்து பார்த்தார். கிடங்கில் இறங்கி ஒரு பிடி அள்ளி விரலால் உதிர்த்தார். அங்கே நின்றபடியே கொழும்பில் இருந்த முதலாளிக்குப் போன் எடுத்தார்.

"நாறும்தான் சேர், நான் இல்லைங்கல்ல. ஆனா கரை போனா, நாறுதுன்னு சொல்லக்கூட ஒருத்தனும் வரமாட்டான். பொறுப்பு எனக்கு."

பிறகு என்னிடம் திரும்பினார். "படிக்கட்டுக்கு முன்னால நடக்கிற அளவுக்கு மட்டும் வாருங்க. மத்த நேரம் விருந்தாளிகளக் கூட்டிட்டுப் போய் அந்தப் புல்லு வளர்ற இடத்தக் காட்டுங்க."

காற்று ஓய்ந்து விருந்தாளிகள் வந்ததும் நீந்தும் கண்ணாடியோடு அவர்களை ஆழமில்லாத கடலுக்குக் கூட்டிப்போனேன். புல்லுக்குள் இறால் குஞ்சுகள் ஒளிந்திருந்தன, சின்ன ஓரா மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்தக் கரையின் வலையில் விழுகிற மீனில் பாதி அங்கேதான் வளர்கிறது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. காலையில் மூக்கைப் பொத்தியவர்கள் மாலையில் இன்னொரு தரம் போகக் கேட்டார்கள்.

"இப்ப துரைமாருக்குப் புல்லுக் காட்டுறியோ? நாளைக்கு மாட்டையும் கூட்டி வா!" என்றார் சின்னராசா அண்ணை.

அடுத்த மாரியில் ஒரு காலை கொட்டில் கதவு திறக்கவில்லை. தோளால் முட்டித் தள்ளினேன். இடுப்பளவுக்குச் சாதாளை, அதற்கப்பால் நின்றுவிட்ட கடல்.

அந்த மனேஜர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அந்தக் கொட்டில் பூட்டின் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த விடுதித் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: ஒன்றைக் குப்பை என்று அள்ளும் முன், அது கிடக்கும் இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று ஒரு மாரி பொறுத்துப் பாருங்கள்.