பாயிண்ட் நாலு கிராம்

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, வாஷிங் மெஷின் ஃபில்டரைக் கழற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தரையில் குப்புறப் படுத்துத் திருகினாள். அம்மா டார்ச் பிடித்தாள். பிடித்தாள் என்று பேர்தான். கையை ஆட்டி ஆட்டித் தீவுக் கதை சொன்னதில் வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்தது. பத்து நாளில் நான்காவது தடவை. மகள் தடுக்கவில்லை. ஒரு ஹேர்பின்னும் ஒரு சட்டைப் பொத்தானும் கிடைத்தன. தண்ணீர் வடிந்தது.

புதன்கிழமை மதியம், பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்தேழு.

லேப்களுக்குப் போகும் எலக்ட்ரானிக் தராசுகளைச் சரிபார்த்து, அளவு சரி என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. முப்பத்தொரு வருடம். தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம் ஆடினாலும் விடமாட்டாள் என்பதால் பட்டறையில் அவள் பெயர் 'பாயிண்டக்கா'. வீட்டிலும் அதே கதைதான். டப்பா மூடி கோணலாக இருந்தால் அவளுக்குக் காப்பி இறங்காது.

போன மாதம் தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி லேப், புதுத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று புகார் எழுதியது. சான்றிதழில் இருந்தது அம்மாவின் கையெழுத்து. வேறு ஆளை அனுப்பலாம் என்றார் முதலாளி. என் கையெழுத்துக்கு நான்தான் பதில் சொல்லணும் என்று கிளம்பிவிட்டாள். முதல் விமானப் பயணம், தனியாக, மூன்று நாள். பனி விழும் தங்கள் வடக்கு ஊரில் போட்டுக் கிளம்பிய கம்பளிக் கோட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கியவளை வெக்கை முகத்தில் அறைந்ததாம்.

லேப் பொறுப்பாளர் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அம்மா தன் இருநூறு கிராம் எடைக்கல்லை வைத்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. மேஜை மட்டம் பார்த்தாள். ஏசியை நிறுத்தினாள். கல்லைத் துடைத்தாள். மூன்று மணி நேரம் போனது; எண் அசையவில்லை. அலமாரியில் கிடந்த பழைய இரட்டைத் தட்டுத் தராசில் தன் கல்லையும் லேப்பின் கல்லையும் எதிரெதிரே வைத்தாள். முள் நட்டநடுவில் நின்றது. கல் பொய் சொல்லவில்லை. பட்டறையில் தராசும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் பாயிண்ட் நாலு எங்கே போனது? திருப்பி அனுப்பப் பார்சல் கட்டவா என்று மட்டும் கேட்டார் பொறுப்பாளர்.

வராந்தாவுக்கு வந்து இன்ஜினியர் மகளுக்குப் போன் போட்டாள். எண்ணைக் கேட்டதுமே மகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"நீ இப்ப பூமியோட இடுப்புல, பூமத்திய ரேகைல நிக்கிறம்மா. நம்ம ஊரைவிட அங்க பூமி கொஞ்சம் கம்மியாதான் இழுக்கும். ரெட்டைத் தட்டுல ரெண்டு பக்கமும் சேர்ந்து குறையறதால தெரியாது. நம்ம தராசு அளக்கிறதே அந்த இழுப்பைத்தானே. கல்லை வச்சு அங்கயே மறுபடி செட் பண்ணு."



"அப்போ நானும் இங்க கம்மியாடி?"

"நூறு கிராமுக்கு மேல."

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டியும் குறையாதது, பிளேன் ஏறினதும் குறைஞ்சிருச்சு பாரு." சிரித்தாள்.

பத்து நிமிடத்தில் தராசு இருநூறு காட்டியது. பொறுப்பாளரே தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் அம்மா கடற்கரைக்குப் போனாள். எடைக்கல்லை வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் ஒட்டும். அதனால் வெள்ளைக் கையுறை மாட்டி, கல்லை உள்ளங்கையில் ஏந்தி, மணலில் உட்கார்ந்தாள். குளிக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. எதிரே அத்தனை பெரிய கடல். அதையும் மரங்களையும் தன்னையும் ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது, இந்த இடத்தில் மட்டும் பிடியை ஒரு மயிரிழை தளர்த்தியிருக்கிறது. "முப்பத்தொரு வருஷமா கல்லை அளக்கிறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். பூமியையே தட்டுல வச்சிருக்கேன்டி," என்றாள் மகளிடம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் தாழ்ந்துவிடும்.

திரும்பும் விமானத்தில் அடுத்த நினைப்பு வந்து உறுத்தியது. முன்பெல்லாம் தராசுகள் பஸ்ஸில் போகிற தூரத்துக்குத்தான் போயின. பட்டறையிலேயே செட் செய்து கையெழுத்துப் போடுவது பழகிப்போயிருந்தது. இந்த இரண்டு வருடத்தில், தீவுக்குப் போனதைத் தவிர, பதினொரு தராசுகள் தூரதேசம் போயிருந்தன. பதினொன்றிலும் அவள் கையெழுத்து.

யாரும் புகார் சொல்லவில்லையே, தூங்குகிற புலியை ஏன் இடறணும் என்றார் முதலாளி.

"தப்புன்னு அவங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே."

ஒவ்வொரு லேப்பாகத் தானே போன் போட ஆரம்பித்தாள். எந்தக் கல்லை வைப்பது, எந்தப் பட்டனை அழுத்துவது என்று கூடவே இருந்து சொல்லி, எண் சரியாக வரும்வரை விடமாட்டாள். ஒரு லேப்புக்கு அரை நாள் ஆனது.

வியாழக்கிழமை மகள் பட்டறைக்குப் போய் அம்மாவின் பொருட்களை எடுத்துக்கொண்டாள். மேஜையில் அந்த லேப்களின் பட்டியல் எழுதிய தாள் இருந்தது. பதினொரு பெயர்கள். முதல் நான்கில் டிக். ஐந்தாவதற்கு எதிரே அம்மாவின் கையெழுத்தில்: சாப்பிடப் போயிருக்கிறார்கள், இரண்டு மணிக்குக் கூப்பிடணும்.